எல்லா ரூட்டையும் பூட்டிவிட்டுத் திறப்பதா, வேண்டியதை மட்டும் பூட்டுவதா?

சம்மாந்துறையான்:
இங்கே ஒரு நெல் ஆலைக்கு லாரவெல் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் தளம் ஒன்று செய்கிறோம். விவசாயி கொண்டுவரும் நெல்லின் நிறை, ஈரப்பதன், கொடுத்த காசு, ரசீது எல்லாம் அதில்தான். கூட வேலை செய்பவர், லாகின் செய்தவரா என்று பார்க்கும் 'ஆத்' மிடில்வெயாரை (பக்கம் திறக்குமுன் ஓடும் சோதனை) ஒவ்வொரு ரூட்டிலும் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் வரி) தனித்தனியாகப் போடுகிறார். ரூட்டுகள் கூடக் கூட, எதையாவது பூட்ட மறந்துவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பிரவுசரில் திறக்கும் ரூட்டுகள் எல்லாம் அடங்கிய மொத்த வெப் குழுவுக்கும் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திறந்தால் என்ன?

கல்லடியான்:
நான் உங்கள் நண்பர் பக்கம். ரூட் வரியைப் பார்த்தவுடனே அது யாருக்குத் திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பூட்டு வேறொரு கோப்பில் இருந்தால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. குழுவுக்கே போட்டால் லாகின் பக்கமும் பூட்டுப்படும். லாகின் செய்யாதவரை லாகின் பக்கத்துக்கு அனுப்பும், அதுவும் பூட்டு, திரும்ப அங்கேயே அனுப்பும். பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, லாகின் பக்கம் சுற்றினால் முதல் நாளே யாராவது போன் எடுப்பார்கள், திறந்துவிடலாம். பூட்ட மறந்த ரூட்டுக்கு எவரும் போன் எடுக்கமாட்டார்கள். விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் கூகுளில் வந்த பிறகுதான் தெரியும். இதற்காகத்தான் ஜாங்கோ என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கும் 2024இல் வந்த 5.1 பதிப்பில், எல்லா வியூவுக்கும் (பக்கத்தைத் தரும் நிரல்) லாகின் கேட்கும் மிடில்வெயாரைச் சேர்த்தது. திறக்க வேண்டியதற்கு மட்டும் நிரலின் மேலே ஒரு டெக்கரேட்டர் வரி போட்டால் சரி.

சம்மாந்துறையான், ஒன்று கவனியுங்கள். எல்லாக் கோரிக்கைக்கும் முதலில் ஓடும் குளோபல் மிடில்வெயாரில் போடவேண்டாம். லாகின் செய்தவரை நினைவில் வைக்கும் செஷன் தொடங்குவது வெப் குழுவுக்குள்தான். அதற்கு முன்னால் 'ஆத்' ஓடினால் லாகின் செய்தவரும் வெளியாள்தான். ஒரு ரூட்டை மட்டும் 'வித்அவுட்மிடில்வெயார்' போட்டு விலக்கவும் முடியாது, அது குளோபலில் வேலை செய்யாது.

கல்லடியான்:
நானா, அந்தப் பாதுகாப்பை ஒரு டெஸ்ட் தந்துவிடுமே. எல்லா ரூட்டையும் எடுத்து, எதில் எந்த மிடில்வெயார் இருக்கிறது என்று 'கேதர்மிடில்வெயார்' மூலம் பார்த்து, அனுமதிப் பட்டியலுக்கு வெளியே எதிலாவது 'ஆத்' இல்லாவிட்டால் டெஸ்ட் விழட்டும். ரூட் கோப்பும் வாசிக்கத் தெளிவாக இருக்கும்.

அக்கரைப்பற்று நானா:
பெரும்போக அறுவடையில் ஆலை வாசலில் லொறி வரிசையாக நிற்கும். முதலாளி அவசரம் என்பார். அன்றைக்கு யார் டெஸ்ட் ஓட்டுகிறார்கள்? அந்த நாளில்தான் புது ரூட்டும் ஏறும்.

வாழைச்சேனை:
இரண்டு பேரும் வாசலிலேயே நிற்கிறீர்கள். 'ஆத்' பார்ப்பது ஆள் யார் என்று மட்டும்தான். இந்த ரசீது இவருடையதா என்று அது பார்க்காது. ஒரு விவசாயி லாகின் செய்து, முகவரியில் ரசீது இலக்கம் 214ஐ 215 ஆக்கினால் பக்கத்து வயல்காரரின் கணக்கு திறக்கும். வெப் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைகள் 2017இல் ஐந்தாம் இடம், 2021இல் முதலிடம். எதை யார் பார்க்கலாம் என்று சொல்லும் பாலிசி ஒன்றை ரசீதுக்கு எழுதுங்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில் 2025 மார்ச்சில் வெளிவந்த குறையையும் பாருங்கள்: கோரிக்கையோடு ஒரு ஹெடர் வரியைச் சேர்த்து அனுப்பினாலே மிடில்வெயார் ஓடாமல் போனது. தரவை எடுக்கும் இடத்திலும் ஒரு சோதனை வேண்டும்.

கல்லடியான்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். எல்லாப் பூட்டையும் ஒரே இடத்தில் போட்டால் அது விழும்போது எல்லாமே விழும்.

அக்கரைப்பற்று நானா:
அது ஃப்ரேம்வொர்க்கின் பிழை, ரூட்டில் தனித்தனியாகப் போட்டாலும் அதே மிடில்வெயார்தான் ஓடும். பாலிசி விஷயத்தில் வாழைச்சேனை சொல்வது முழுக்கச் சரி.

சம்மாந்துறையான்:
அப்போ வெப் குழுவில் 'ஆத்', ரசீதுக்கும் கணக்குக்கும் பாலிசி, அதோடு கல்லடியானின் டெஸ்ட். பணம் செலுத்தும் நிறுவனத்தின் சேவையகம் திருப்பி அழைக்கும் ரூட்டை என்ன செய்வது? அதற்கு லாகின் செய்யத் தெரியாதே.

வாழைச்சேனை:
அதை 'ஆத்'திலிருந்தும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையிலிருந்தும் (வேறு தளம் பயனர் பெயரில் அனுப்பும் கோரிக்கையைத் தடுப்பது) விலக்குங்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாயைக்கூடப் பதிய வேண்டாம்.

கல்லடியான்:
டெஸ்ட்டே போதும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. குழுவில்தான் போடுவீர்கள் என்றால், திறந்த ரூட்டுகளையாவது தனிக் கோப்பில் வையுங்கள். எவை திறந்திருக்கின்றன என்று ஒரே பார்வையில் தெரியும்.