பிரேஸ் விட்டுப்போன கிட்டார், வயலின்: உள்ளே கை விட்ட கதைகளைச் சொல்லுங்க

பல்லடத்துக்காரர்:
ரெண்டு வருசமாச்சு, அந்த 'டக்' இன்னும் காதில் நிற்கிறது. சித்திரை வெயிலில் கிட்டாரைக் காருக்குள் விட்டுவிட்டு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆறாவது தந்தியில் ஒரே இரைச்சல். மேல்பலகையைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் விரிசல் விட்ட மண்பானைச் சத்தம். சின்னக் கண்ணாடியும் போன் வெளிச்சமும் விட்டுப் பார்த்தால், மேல்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டை, அதான் எக்ஸ் பிரேஸ், அதன் ஒரு கால் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. பசை விட்டு, போல்ட் நட்டில் குட்டி ஜாக்கி செய்து, அடிப்பலகைக்கும் பிரேசுக்கும் நடுவே நிறுத்தி முறுக்கினேன். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. டக். பிரேஸ் உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விரிந்தது அடிப்பலகை. கிட்டார் என் மாமாவுடையது.

கோவைக்காரர்:
அண்ணா, தந்தியைத் தளர்த்தினீர்களா என்று சொல்லவே இல்லையே? மெல்லிய ஸ்டீல் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். அதைத் தாங்கத்தான் உள்ளே பிரேஸ். என்ன பசை என்றும் காணோம். வெள்ளைப் பசையாக இருந்தால் அடுத்த வெயிலில் மறுபடி நழுவும். இன்ஸ்டன்ட் பசை இடைவெளியை நிரப்பாது. என் கிட்டாருக்கு ஆசாரி ஒருவர் விலங்குத் தோலில் செய்த வச்சிரப் பசையைக் காய்ச்சித்தான் ஒட்டினார், கதை அவ்வளவுதான். ஆனால் கேளுங்கள்: முதலில் பழைய பசையைச் சுரண்ட வேண்டும். புதுப் பசையைக் காகிதத் துண்டால் ஆழமாகத் தள்ள வேண்டும். ஜாக்கி வைத்தால் அடிப்பலகைக்கு வெளியே முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும், நீங்கள் கோட்டை விட்டது அங்கேதான். அப்புறம் நம் ஊர்க் காற்று. மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும், ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்தால் உப்பும். பெட்டியில் போட்டு மூடி வையுங்கள்.

கோபிக்காரர்:
எனக்கு வயலின். பஸ்ஸில் ஈரோடு போய் இறங்கியதும் உள்ளே ஏதோ உருண்டது. நாலாவது தந்திக்கு அடியில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற நீளக் கட்டைதான் கழன்றது என்று வேர்த்துவிட்டது. மேல்பலகையைப் பிரித்தால்தான் அதை ஒட்ட முடியும். கத்தியைக் கூடச் சூடு பண்ணிவிட்டேன்! அப்போது மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவ ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது பென்சில் பருமனில் ஓர் உருளைக் குச்சி. சவுண்ட் போஸ்ட். அதற்குப் பசையே கிடையாது, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மறுகாலுக்குப் பக்கத்தில் அழுத்தத்தில்தான் நிற்கும். அந்தக் கத்தியை இப்போது பார்த்தாலும் வயிறு கலங்குகிறது.

பொள்ளாச்சிக்காரர்:
கோவைத் தம்பி, எல்லா இரைச்சலுக்கும் பிரேஸ்தான் காரணமா? தோட்டத்து வீட்டுச் சுவரில் ஆறு மாதம் தொங்கிய கிட்டாரை எடுத்தேன், பல்லடத்துக்காரர் சொல்கிற அதே இரைச்சல். கண்ணாடி விட்டால் பிரேஸ் எல்லாம் கல்லு மாதிரி. அதன் மேல் குளவி கட்டிய மண்கூடு, பாதி உடைந்து ஆடிக்கொண்டு இருக்கிறது. ஸ்பூனால் சுரண்டினேன். உள்ளே ஒரு குளவி உயிரோடு இருந்தது என்பதை விரல்தான் முதலில் கண்டுபிடித்தது.

பல்லடத்துக்காரர்:
தந்தியைத் தளர்த்தித்தானுங்க செய்தேன். கணவாய்க் காற்றெல்லாம் சரி, அடிப்பலகை விரிசலுக்கு அந்த ஆசாரி எத்தனை நாள் கேட்பார்? மாமா ஆடிக்கு வருகிறார்.