96 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் மாண்டரின் மீன்: உறைந்த தீனியைத் தொடவே மாட்டேங்குது, வயிறு ஒட்டுது

புதுத்தொட்டி:
வணக்கம். தொட்டி 60×40×40 செ.மீ., ஓட ஆரம்பிச்சு எட்டு மாசம். சுமார் 10 கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கிற பாறை), பின்னாடி தொங்குற ஸ்கிம்மர் (கழிவை நுரையா பிரிக்கிற கருவி), சம்ப் (கீழ வைக்கிற துணைத்தொட்டி) கிடையாது. உப்பு 1.025 (ஒப்படர்த்தி), வெப்பம் 26 டிகிரி. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு சிக்ஸ் லைன் ராஸ் மீன் ஏற்கெனவே இருக்கு. போன வாரம் ஆண் மாண்டரின் ஒண்ணு விட்டேன். பகல் பூரா பாறையைக் கொத்துது, ஆனா மைசிஸ் (உறைந்த குட்டி இறால் மாதிரி தீனி), பெல்லட் (உருண்டைத் தீனி) எதைப் போட்டாலும் பார்த்துட்டு விலகிடுது. ரெண்டு புட்டி பாட்ஸ் (உயிருள்ள பொடி ஓட்டுயிரி, இதோட இயற்கை இரை) வாங்கி ஊத்தியாச்சு. மூணு நாள்ல கண்ணாடியில ஒண்ணுகூடத் தெரியல. இப்படியே வாங்கி ஊத்திக்கிட்டே இருக்கணுமா, வேற வழி இருக்கா?

பவளத்திட்டு:
புட்டிக் கணக்கில் இது கட்டுப்படியாகாது. மாண்டரின் ஒரே வேளையில் வயிறு நிரப்பிக்கொள்ளும் மீன் அல்ல. விழித்திருக்கும் நேரமெல்லாம் கொறிக்கும். 10 கிலோ பாறையில் பெருகும் பாட்ஸ் அதற்கே பற்றாது, அதில் சிக்ஸ் லைன் வேறு பங்குக்கு நிற்கிறது. அதுவும் நாள் முழுக்கப் பாட்ஸ் தேடித் தின்னும் மீன்தான், மாண்டரினைவிடப் பல மடங்கு வேகம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். முதல் வேலையாக ராஸைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து மீனின் நிலையைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் வண்ணம் ஏமாற்றும், மேலிருந்து பாருங்கள். வயிறு மட்டும் ஒட்டியிருந்தால் தேற்றிவிடலாம். தலைக்குப் பின்னால் முதுகுச் சதையே வற்றி, உடம்பு ஒல்லியாகவும் தலை மட்டும் பெரிதாகவும் தெரிந்தால் நிலைமை மோசம், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

உறைந்த தீனிக்குப் பழக்குவதற்குத் தொட்டிக்குள் தொங்கவிடும் குஞ்சுப் பெட்டி (மீனைத் தனியே பிரித்து வைக்கும் சிறு பெட்டி) வேண்டும். துளைகள் பெரிதாக இருந்தால் தீனியாகப் போடும் ஆர்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகள் வெளியேறிவிடும், உட்புறம் நைலான் வலை ஒட்டுங்கள். வலை நெருக்கமானால் நீரோட்டம் குறையும், ஆகவே ஏர் டியூபில் மெதுவாகக் குமிழி விடுங்கள். அடியில் தங்கும் மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெட்டிக்கு மாற்ற மீனை வலையால் பிடிக்காதீர்கள். செவுள் மூடியருகே உள்ள முள் வலையில் மாட்டிக்கொள்ளும். விளக்கணைந்து அது அசையாமல் கிடக்கும்போது கண்ணாடிக் குவளையில் ஒதுக்கி எடுங்கள்.

முதல் மூன்று நான்கு நாள் அன்றன்று பொரித்த ஆர்டீமியா மட்டும், பிப்பெட்டில் (சொட்டுக்குழாய்), நான்கைந்து வேளை. அது துடித்து நீந்துவதால் பெரும்பாலும் உடனே கொத்தும். பிறகு அதே பிப்பெட்டில் உறைந்த சைக்ளோப்ஸ் (பாட்ஸ் போன்ற பொடி உயிரி) அல்லது சிறிய மீன்முட்டையைக் கால் பங்கு கலந்து, உயிருள்ளதை மெல்லக் குறையுங்கள். மைசிஸைப் பார்த்துவிட்டு விலகுவதற்கு ஒரு காரணம் அளவு: வாய் சிறியது. நறுக்கிப் போட்டால் பிற்பாடு எடுக்கலாம். பெல்லட் கடைசிக் கட்டம். எல்லா மீனும் அங்கே வந்து சேராது.

உப்புக்கரைசல்:
மேல சொன்னதோட ஆர்டீமியா பொரிக்கிற முறையும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை, பலமான காத்து, பக்கத்துல ஒரு விளக்கு. 27 டிகிரியில 24 மணி நேரம் போதும். காத்தை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் விடுங்க: காலி ஓடு மேல மிதக்கும், பொரியாத முட்டை அடியில தங்கும், குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம் திரளும். வெளிச்சப் பக்கத்துல, நடு மட்டத்துல இருந்து உறிஞ்சி, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. ஓடு சேர்ந்து போனா மீனுக்கு ஆகாது.

பொரிச்ச சில மணி நேரத்துக்குள்ள கொடுத்துடணும். மஞ்சள் கரு தீர்ந்துட்டா அதுல சத்து குறைஞ்சுடும். மறுநாள் வரைக்கும் வைக்கிறதா இருந்தா செல்கான் மாதிரி சத்துக் கரைசல்ல ஊற வைங்க, ஆனா பொரிச்ச உடனே ஊற வெச்சுப் பிரயோஜனமில்ல. சுமார் 12 மணி நேரம் கழிச்சுதான் அதுக்கு வாயே திறக்கும்.

பசியைத் தூண்டும்னு பூண்டுச்சாறு ஊத்தச் சொல்லி நிறையப் பேர் வருவாங்க. இந்த மீன் கண்ணால பார்த்து வேட்டையாடுறது, அதை நம்பி நாளை ஓட்டாதீங்க.

புதுத்தொட்டி:
ராஸை நாளைக்கே கொடுத்துடறேன். பாட்ஸை வீட்டுலயே வளர்க்கலாமா? பெட்டியை விட்டு வெளிய விட்டதும் க்ளவுன் தீனியைப் பிடுங்கிடாதா?

பவளத்திட்டு:
வளர்க்கலாம், டிஸ்பி என்ற பாட்ஸ் வகையை எடுங்கள். அது பாறை இடுக்கில் தங்கிப் பெருகும். டிக்ரியோபஸ் என்ற இன்னொரு வகை சிவப்பாக, பெரிதாக, கண்ணில் படும்படி துள்ளும். அதனாலேயே ஒரே நாளில் தீர்ந்துபோகும். பசியோடு இருக்கும் மீனைத் தின்னத் தூண்ட மட்டும் அது உதவும்.

5 லிட்டர் வாளி இரண்டு வையுங்கள், ஒன்று படுத்தாலும் இன்னொன்று இருக்கும். தொட்டி உப்பளவே போதும். ஏர் ஸ்டோன் வேண்டாம், குழாய் முனையில் நொடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழி. அதற்குத் தீனியான ஃபைட்டோவை (நுண்பாசிக் கரைசல்) நீர் இளம்பச்சையாகும் அளவுக்கு ஊற்றி, தெளிந்த பிறகே அடுத்தது. தீனி கூடிப்போய் அம்மோனியா ஏறித்தான் பெரும்பாலான வாளிகள் நாறிப்போகின்றன. 53 மைக்ரான் சல்லடையில் வாரம் ஒருமுறை கால் பங்கு வடித்து, விளக்கணைந்த பின் ஸ்கிம்மரையும் பம்பையும் நிறுத்தி, பாறையடியில் விடுங்கள்.

உப்புக்கரைசல்:
க்ளவுனுக்கு ஜாடி போதும். சின்ன கண்ணாடி ஜாடி, மூடியில மாண்டரின் நுழையற அளவு ஓட்டை, இன்னொரு ஓட்டையில நீர்மட்டத்துக்கு மேல வர்ற மாதிரி நீளமான குழாய். பாறையோரமா படுக்க வைங்க. முதல்ல எதிர்க்கோடியில க்ளவுனுக்குப் போட்டு, பம்பை நிறுத்திட்டு, குழாய் வழியா சைக்ளோப்ஸ் விடுங்க. இருபது நிமிஷமாவது பம்ப் ஓடக் கூடாது, இது யோசிச்சு யோசிச்சுத்தான் கொத்தும். ஜாடியைப் பெட்டியில இருக்கும்போதே உள்ள வெச்சுப் பழக்கிடுங்க, வெளிய வந்தப்புறம் தானா தேடிப் போகும். ராத்திரி நத்தை உள்ள போய்ப் படுத்துக்கும், காலையில தட்டி விட்டுட்டுத் தீனி போடுங்க.