கம்ப்ரசர் கிளம்பினால் எம்சிபி விழுகிறது, 32 ஆம்ப் மாட்டலாமா?

மரத்தூள்: வீட்டுக்குப் பின்னால் 20 மீட்டர் தள்ளி ஷெட் போட்டு மரவேலை செய்கிறேன். வீட்டு டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 16 ஆம்ப் பி கர்வ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்). லைட், ரம்பம், 2 ஹெச்பி கம்ப்ரசர் எல்லாம் அதில்தான். கம்ப்ரசர் கிளம்பும்போது டப்பென்று விழுகிறது. எலக்ட்ரீஷியன் 32 ஆம்ப் மாட்டச் சொல்கிறார்.

பட்டறைக்காரன்: மாட்டுங்கள். மோட்டார் கேட்கிறது, கொடுக்க வேண்டியதுதானே? எங்கள் பட்டறையில் பத்து வருஷமாக அப்படித்தான்.

ஃபேஸ்டெஸ்டர்: அண்ணே, எம்சிபி மோட்டாருக்குக் காவல் இல்லை, ஒயருக்குக் காவல். பைப்புக்குள் போகும் 2.5 ஒயர் 20 ஆம்பை ஒட்டித்தான் தாங்கும். 32 மாட்டினால் 30 ஆம்ப் மணிக்கணக்கில் ஓடினாலும் விழாது, ஒயர்தான் சூடேறும். ஓடும்போது 10 ஆம்ப் எடுக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் 60 வரை இழுக்கும். கர்வ் என்பது திடீர் இழுப்பை எவ்வளவு பொறுக்கும் என்ற வகை. 16 ஆம்ப் பி கர்வ் 48க்கும் 80க்கும் நடுவில் சட்டென்று விழுந்துவிடும். சி கர்வ் 80 வரை பொறுக்கும். அதே 16இல் சி கர்வ் போதும்.

பட்டறைக்காரன்: கர்வை மாற்றினால் வோல்டேஜ் ஏறிவிடுமா தம்பி? எங்கள் ஊரில் சாயங்காலம் 200 வந்தாலே பெரிய விஷயம். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும்.

ஃபேஸ்டெஸ்டர்: அது நியாயம். போக வர 40 மீட்டர், 2.5 ஒயரில் சுமார் 0.3 ஓம். 60 ஆம்புக்கு 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயர் இழுத்தால் 11தான். ஷெட்டில் சின்ன டிபி வைத்து லைட்டுக்குத் தனி எம்சிபி போடுங்கள். ரம்பம் சுற்றும்போது இருட்டானால் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கரண்ட் லீக்கானால் கட் செய்யும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் வேண்டும்.

பட்டறைக்காரன்: ஆர்சிசிபியா! மழைக்காலத்தில் தினம் விழுந்தது, கழற்றிப் போட்டுவிட்டேன்.

ஃபேஸ்டெஸ்டர்: அப்படியானால் எங்கேயோ லீக் இருக்கிறது. கழற்றினால் ஆர்சிசிபிதான் போகும், லீக் போகாது.

பட்டறைக்காரன்: சரி, அதை விடு. மரத்தூள், டேங்க் காலியாக இருக்கும்போதும் விழுகிறதா?

மரத்தூள்: இல்லை. முதல் தடவை நன்றாக ஓடும். பாதி காற்றோடு மறுபடி கிளம்பும்போதுதான்.

பட்டறைக்காரன்: டேங்க் நிறைந்து மோட்டார் கட் ஆனதும் 'புஸ்' என்று சத்தம் வருமா?

மரத்தூள்: வாங்கிய புதிதில் வந்தது. இப்போது வருவதில்லை.

பட்டறைக்காரன்: மோட்டார் நின்றதும் பைப்புக் காற்றை வெளியே விடும் அன்லோடர் வால்வு அடைத்திருக்கும். மேல் பைப்பில் நிற்கும் காற்றை எதிர்த்து மோட்டார் திணறுகிறது. முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ஃபேஸ்டெஸ்டர்: இதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் 32 வேண்டாம் அண்ணே.