மீன் மேலே வந்து மூச்சு விடுவதற்கு ‘மேல்நீர் மூச்சு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் மீனியல் கலைச்சொல் பட்டியலில் ‘அக்வாட்டிக் சர்ஃபேஸ் ரெஸ்பிரேஷன்’ என்பதற்கு எதிரே ‘நீர்ப்பரப்புச் சுவாசம்’ என்று இருக்கிறது. இதை அப்படியே விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடையில், விடிவதற்குச் சற்று முன், மீன் வளர்க்கும் குளத்தைப் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்கள் ‘காத்துக் குடிக்குது’ என்பார்கள். உண்மையில் அவை இழுப்பது நீரைத்தான். காற்றை ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் நீரில் ஆக்சிஜன் மேலிருந்து கரைந்துகொண்டே இருக்கும். அந்த நீரை வாயால் வாங்கிச் செவுள் வழியாக விடுகின்றன. அந்த ஆங்கிலச் சொல் குறிப்பது இதைத்தான். கட்லாவுக்குக் கீழ்த்தாடை மேல் நோக்கி வளைந்திருப்பதால் அதற்கு இது கொஞ்சம் எளிது. தொட்டியில் வளர்க்கும் கப்பி மீனும் இதில் கெட்டி.

விராலும் பனையேறிக் கெண்டையும் செய்வது முற்றிலும் வேறு. அவற்றின் தலைக்குள் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுக்கத் தனி உறுப்பு உண்டு. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் வலைக்கு அடியில் அடைத்துவிட்டால், நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ‘நீர்ப்பரப்புச் சுவாசம்’ என்றால் இரண்டில் எது? விராலும் நீர்ப்பரப்புக்குத்தானே வருகிறது!

என் பரிந்துரை: மேல்நீர் மூச்சு. எந்த நீர் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விராலுக்குக் ‘காற்று மூச்சு’ என்று இணைச்சொல்லும் கிடைத்துவிடும்.

‘சுவாசம்’ ஏன் வேண்டாம் என்றால், பாடநூல்களில் அது செல்லுக்குள் நடக்கும் வினைக்கும் பெயர். இங்கே நடப்பது நீரை உள்ளே வாங்கி வெளியே விடுவது. அதற்கு மூச்சுதான் பொருத்தம். ஆங்கிலச் சொல் இந்த இடத்தில் தளர்வானது, நாமும் ஏன் தளர வேண்டும்?

– – –

மறுமொழி:

அய்யா, மீன் பண்ணைக்காரர்களோடு பழகுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இதற்கெல்லாம் புதுச்சொல்லே வேண்டாம். ‘மீன் வாய் பிளக்குது’ என்றால் போதும், ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் கருவியை) போட ஓடுவார்கள். ‘வாய்பிளப்பு’ என்றே வைத்துவிடலாமே?

இன்னொன்று, மேல் + நீர் ‘மேனீர்’ ஆகுமே. ‘மேனீர் மூச்சு’ என்றால் சொல் கச்சிதமாக இருக்கும்.

– – –

மறுமொழி:

நான் யாழ்ப்பாணம். எங்கட பாடப்புத்தகங்களில் செவுளைப் ‘பூ’ என்றும் ஆக்சிஜனை ‘ஒட்சிசன்’ என்றும்தான் எழுதுகிறோம். ஆகவே செவுளையோ வளியையோ உள்ளே வைத்துச் சொல் ஆக்காதது நல்லது. நீரும் மூச்சும் இரண்டு கரைக்கும் பொது. ‘மேல்நீர் மூச்சு’ எனக்குச் சம்மதம். விளக்கத்தில் நீர் சூடாவதைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கோ, பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் விளங்க வேண்டும்.

– – –

மறுமொழி:

நன்றி.

‘வாய்பிளப்பு’ அருமையான சொல், ஆனால் அது அறிகுறியின் பெயர். செவுளில் ஒட்டுண்ணி பிடித்தாலும், நீரில் நைட்ரைட் என்ற நச்சு ஏறினாலும் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அங்கே ஏரேட்டர் போட்டால் மட்டும் தீராது. பண்ணைக் கையேட்டில் வாய்பிளப்பு என்றே எழுதுங்கள், யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். காரணத்தோடு சேர்த்துச் சொல்லும் இடத்துக்கு மட்டும் புதுச்சொல்.

மேனீர் இலக்கணப்படி சரி. ஆனால் ‘மேனிலைப் பள்ளி’ என்று இப்போது எத்தனை பேர் எழுதுகிறார்கள்? பெயர்ப்பலகையெல்லாம் மேல்நிலைப் பள்ளிதான். மாணவர் மேனீரைப் பார்த்தால் ஏதோ பானம் என்று நினைக்கவும் கூடும். பிரித்தே எழுதுவோம்.

சூட்டைப் பற்றி: நன்னீர் 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் 7.6 தான். அதே பத்துப் பாகை ஏற்றத்தில் மீனின் ஆக்சிஜன் தேவை இரண்டு மடங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் ஏறும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. மேல்நீரை நம்புவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: வெயிலில் அதுதான் அதிகம் சூடாகும் நீர், கொக்குக்கும் எட்டும் நீர். எண்ணெயோ ஆகாயத்தாமரையோ பரப்பை மூடிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

அமேசான் ஆற்றில் தம்பாக்கி என்றொரு மீன் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சில மணி நேரத்தில் அதன் கீழ் உதடு வீங்கி, அகப்பை போல முன்னே நீளும். மேல்நீரை வழித்து வாய்க்குள் தள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஆக்சிஜன் திரும்பியதும் உதடு வற்றிவிடும். கலைச்சொல்லுக்கு ஒரு படம் வைக்கலாம் என்றால் இதையே வைக்க வேண்டும்.

பட்டியலுக்கு இப்படித் தருகிறேன்:

மேல்நீர் மூச்சு (பெயர்) – ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழும் மீன், காற்றை ஒட்டிய மெல்லிய நீரடுக்கை வாயால் வாங்கிச் செவுள் (இலங்கை: பூ) வழியே விட்டு ஆக்சிஜன் பெறுதல். ஒப்பிடுக: காற்று மூச்சு.

வினையாக எழுதும்போது ‘மேல்நீரில் மூச்சு வாங்குகிறது’ என்று எழுதலாமா என்று மட்டும் சொல்லுங்கள். ‘மூச்சு வாங்குதல்’ நம் பேச்சில் இளைப்பையும் குறிக்கும். இந்த மீனுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது, ஆனாலும் எனக்கு ‘விடுகிறது’ பக்கம்தான் சாய்வு.