ரீடிங் பக்கத்துல இருந்து மவுண்டன் பைக்ல போக, வழியில பழங்கால இடங்களும் பாக்க நல்ல ரூட் எது?

தேம்ஸ்கரையான்:
வணக்கம் மக்களே, வேலை மாறி ரீடிங் வந்து செட்டில் ஆயாச்சு. கையில ஒரு ஹார்டுடெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக்) இருக்கு, 29 இன்ச் வீல், முன்னாடி 100 மிமீ சஸ்பென்ஷன். ட்ரெயில் சென்டர்ல காட்டுக்குள்ளயே ரவுண்டு அடிக்கிறது நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு வேண்டியது வேற. ஒரு இடத்துல கிளம்பி இன்னொரு இடத்துல போய் சேரணும், வழியில கல்வட்டம், மண்கோட்டை, பழைய பாதைன்னு பாத்துக்கிட்டே போகணும். ஸ்டோன்ஹெஞ்ச் கார்ல போய் டிக்கெட் எடுத்து பாத்தாச்சு, இப்ப அந்த நிலத்துலயே ஓட்டிப் பாக்க ஆசை. ஒரு நாள்ல முடியுற ரூட்டா இருந்தா நல்லது, ரொம்ப நல்ல இடம்னா ஒரு ராத்திரி தங்கவும் ரெடி. இன்னொண்ணு, மேப்ல வயலுக்கு நடுவுல எங்க பாத்தாலும் பச்சை கோடா ஓடுது, இதுல எதுல சைக்கிள் போலாம் எதுல போகக்கூடாதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

சுண்ணாம்புத்தடம்:
ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுவோம், அது தெரியாம ரூட் போட்டா பாதி வழி இறங்கி தள்ளிட்டுத்தான் போகணும். ஃபுட்பாத்துல சைக்கிள் ஓட்ட உரிமை கிடையாது. பிரைடில்வே குதிரைப் பாதை, 1968ல வந்த கன்ட்ரிசைட் சட்டம்தான் அதுல சைக்கிளுக்கும் உரிமை குடுத்துச்சு, ஆனா நடக்குறவங்களுக்கும் குதிரைக்கும் நாமதான் வழி விடணும்னு அதே சட்டத்துலயே எழுதியிருக்கு. பைவேன்னா பழைய வண்டிப்பாதை, அதுல தாராளமா போலாம். வழியில கம்பத்துலயும் கேட்லயும் அம்புக்குறி ஒட்டியிருப்பாங்க, மஞ்சள்னா ஃபுட்பாத், நீலம்னா பிரைடில்வே, கத்திரிப்பூ கலர்னா மோட்டார் வண்டி மட்டும் கூடாது, சிவப்புன்னா எல்லா வண்டியும் போலாம். ஆர்டனன்ஸ் சர்வேங்கிற அரசு மேப் நிறுவனத்தோட 1:25,000 எக்ஸ்ப்ளோரர் மேப்ல குட்டிக் குட்டி பச்சை கோடு ஃபுட்பாத், நீள நீளமா விட்டு விட்டு வர்ற பச்சை கோடு பிரைடில்வே, இவ்வளவுதான்.

ரூட்டுக்கு வருவோம். ரீடிங்ல இருந்துக்கிட்டு நீங்க வேற எதையும் யோசிக்கவே வேணாம், மேட்டு மேலயே போற ரிட்ஜ்வேங்கிற பழைய பாதையில போங்க. மொத்தம் 139 கிமீ, ஏவ்பரி பக்கம் ஓவர்ட்டன் ஹில்ல ஆரம்பிச்சு ஐவிங்கோ பீக்கன்ல முடியுது. கிழக்குப் பாதியில நிறைய இடம் ஃபுட்பாத், அத விடுங்க. மேற்குப் பாதி, ஓவர்ட்டன் ஹில்ல இருந்து தேம்ஸ் ஓரம் ஸ்ட்ரீட்லி, கோரிங் வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிமீ, அது பூரா சைக்கிள் போலாம். ஸ்விண்டனுக்கு ட்ரெயின் ஏறி அங்கருந்து ஏவ்பரிக்கு ஓட்டிட்டு போங்க, சாயங்காலம் கோரிங்ல ட்ரெயின் ஏறினா கொஞ்ச நேரத்துல ரீடிங்.

ஏவ்பரிய அவசரமா தாண்டாதீங்க. ஒரு முழு கிராமமே கல்வட்டத்துக்குள்ள இருக்கு, பப் உட்பட. சுத்தி பெரிய அகழியும் கரையும், 4,500 வருஷத்துக்கும் மேல பழசு. நடுக்காலத்துல பல கல்ல ஊர்க்காரங்களே புதைச்சிட்டாங்க, அப்புறம் வீடு கட்ட உடைச்சாங்க, 1930கள்ல அலெக்சாண்டர் கெய்லர்னு ஒருத்தர் புதைஞ்சு கிடந்தத தோண்டி எடுத்து மறுபடி நிறுத்தி வச்சார், இல்லாத கல்லுக்கு சின்ன சிமெண்ட் தூண் நட்டு இடத்த அடையாளம் காட்டியிருக்காரு. ஸ்டோன்ஹெஞ்ச்ல பாத்த பெரிய சார்சன் கல்லு (கெட்டியான ஒரு மணற்கல்) பெரும்பாலும் எங்கருந்து போச்சுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க, மார்ல்பரோவுக்கு தெக்க இருக்குற வெஸ்ட் வுட்ஸ், ஏவ்பரில இருந்து ரொம்ப தூரமே இல்ல. அதனால ஸ்டோன்ஹெஞ்ச் பாத்தாச்சுன்னா அதோட ஆரம்பத்த இங்கதான் பாக்கணும்னு நான் சொல்லுவேன்.

ஏவ்பரில இருந்து கிழக்க ஏறுற பைவேல போனா நேரா ரிட்ஜ்வேல சேரும். அப்புறம் பார்பரி காசில், இரும்புக் காலத்து மண்கோட்டை, பாதை கோட்டைக்கு நடுவுலயே போகும். அப்புறம் லிடிங்டன் மண்கோட்டை, எம்4 மோட்டார்வேய தாண்டி ஏறினா வேலண்ட்ஸ் ஸ்மித்தி. எனக்கு இந்த மொத்த வழியிலயும் ரொம்ப புடிச்ச இடம் இதுதான். பாதையில இருந்து கொஞ்சம் உள்ள, பீச் மரம் சுத்தி நிக்க ஒரு நீளமான கல்லறை மேடு, வாசல்ல ஆளவிட உயரமான சார்சன் கல்லுங்க. குதிரையையும் ஒரு காசையும் விட்டுட்டு போனா காலையில வேலண்ட்ங்கிற கொல்லன் லாடம் அடிச்சு வச்சிருப்பான்னு கதை, இன்னைக்கும் கல்லு இடுக்குல காசு சொருகிட்டு போறாங்க. தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க, கல்லுக்கு கெடுதல்.

அங்கருந்து 2 கிமீ போனா மலைச்சரிவுல சுண்ணாம்பால வரைஞ்ச அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. 110 மீட்டர் நீளம், 1990கள்ல மண்ணை ஆராய்ச்சி பண்ணி கிட்டத்தட்ட 3,000 வருஷம் பழசுன்னு சொன்னாங்க. பக்கத்துல போய் நின்னா குதிரையே தெரியாது, வளைஞ்சு போற வெள்ளைப் பட்டையும் ஒரு கண்ணும்தான் தெரியும், முழுசா பாக்கணும்னா கீழ சமவெளிக்கு இறங்கணும். அது சும்மா புல்ல சொரண்டி வரைஞ்சது இல்ல, பள்ளம் தோண்டி அதுக்குள்ள சுண்ணாம்புக்கல்ல போட்டு இடிச்சு கெட்டிச்சிருக்காங்க, இப்பவும் தன்னார்வலர்கள் முட்டி போட்டு சுத்தியலால புது சுண்ணாம்பு அடிக்கிறாங்க, விட்டுட்டா புல்லு மூடிடும். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் விமானத்துக்கு அடையாளம் ஆகக்கூடாதுன்னு வேணும்னே மூடி வச்சாங்க. சைக்கிளை மேல பாதையிலயே நிறுத்திட்டு நடந்து போங்க. வழியில வர்ற மண்கோட்டைக் கரை மேலயும் சைக்கிளை ஏத்தாதீங்க, இதெல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், ஒரு டயர் தடத்துல மழைத்தண்ணி ஓட ஆரம்பிச்சா கரை அரிச்சிரும்.

சசெக்ஸ்_சைக்கிள்காரன்:
ரிட்ஜ்வே நல்லதுதான், ஆனா எங்கட பக்கத்துப் பாதையைச் சொல்லாமல் விடேலாது. சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டர்ல இருந்து ஈஸ்ட்போர்ன் மட்டும் 160 கிலோமீற்றர், கிழக்குப் பகுதி 1972லயே திறந்தது, முழுக்கச் சைக்கிள் ஓடலாம். ஏத்தம் எல்லாம் கூட்டினால் 4,000 மீற்றருக்குக் கிட்ட வரும், அதால ரெண்டு மூண்டு நாளாப் பிரிச்சு ஓடுங்கோ. நடுவில ஆம்பர்லியில ஸ்டேஷன் பாதைக்குப் பக்கத்திலயே இருக்கு, ஒரு நாள் எண்டால் அங்கயிருந்து தொடங்கலாம்.

அந்தப் பக்கம் ஏறினால் சாங்க்டன்பரி ரிங் வரும். இரும்புக் காலத்துக் கோட்டை, உள்ளுக்க ரோமர் காலத்துக் கோயில் இருந்த இடம், 1760ல சார்ல்ஸ் கோரிங் எண்டவர் சுத்திவர பீச் மரம் நட்டவர், 1987 புயல்ல முக்கால்வாசி விழுந்து போச்சு, இப்ப நிக்கிறதில கனக்க அதுக்குப் பிறகு நட்டது. பிறகு டெவில்ஸ் டைக் எண்ட பள்ளத்தாக்கு, ஜாக் அண்ட் ஜில் எண்டு ரெண்டு காத்தாலை, டிச்லிங் பீக்கன் குன்று. லூயிஸுக்கு மேல போகேக்க கொஞ்சம் நிண்டு பாருங்கோ, 1264ல சைமன் டி மான்ட்ஃபோர்ட் மூண்டாம் ஹென்றி ராசாவைத் தோற்கடிச்ச சண்டை அந்தச் சரிவிலதான் நடந்தது.

ஒண்டு கவனம், ஆல்ஃப்ரிஸ்டன்ல பாதை ரெண்டாப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் வழியாக் கடலோரம் போறது ஃபுட்பாத், சைக்கிளுக்கு உள்ளுக்கால ஜெவிங்டன் வழியாப் போற பிரைடில்வே. கேற்றுகள் கனக்க வரும், ஆடு மாடு மேயிற இடம், திறந்தால் பிறகு பூட்டிப்போட்டுப் போங்கோ.

பீக்_வாசி:
நான் ஷெஃபீல்டு. இங்கிலாந்து வரலாறுன்னாலே எல்லாரும் ஹேட்ரியன் சுவர்னு கிளம்புவாங்க, கி.பி. 122ல ரோமானியர்கள் கட்ட ஆரம்பிச்சது, கட்டாயம் பாக்கணும், ஆனா சுவரை ஒட்டிப் போற நேஷனல் ட்ரெயில்ங்கிற நெடும்பாதை நடக்குறவங்களுக்கு. சைக்கிளுக்கு 72ம் நம்பர் ரூட் தனியா இருக்கு, அது பெரும்பாலும் தார் ரோடும் கிராமத்து சந்தும்தான், மவுண்டன் பைக்குக்கு அதுல வேலை இல்ல.

மலைதான் வேணும்னா எங்க பீக் டிஸ்ட்ரிக்ட் வாங்க. ஈடேல் ஊர்ல இருந்து ஜேக்கப்ஸ் லேடர்ங்கிற செங்குத்தான கல்லுப் பாதை, மாம் டோர் மலை அடிவாரத்துல மண்சரிவால 1979ல கைவிட்ட பழைய ரோடு, அங்க தார் அடுக்கடுக்கா பிளந்து கிடக்கும், ரோடு இறங்க இறங்க மேல மேல தார் போட்டிருக்காங்கன்னு கண்ணாலயே பாக்கலாம். டெர்வென்ட் அணையில 1943ல ஜெர்மன் அணைகளை குண்டு போட்டு உடைச்ச டேம்பஸ்டர் படை தாழப் பறந்து பழகினாங்க, கீழ லேடிபவர் நீர்த்தேக்கத்துக்கு அடியில ரெண்டு கிராமம் முழுகிக் கிடக்கு. அப்புறம் கிண்டர் ஸ்கவுட்ங்கிற மேட்டுநிலம், 1932 ஏப்ரல்ல நூத்துக்கணக்கான தொழிலாளிங்க வேட்டை நிலத்துல அத்துமீறி ஏறினாங்க, அஞ்சு பேரை ஜெயில்ல போட்டாங்க. இன்னைக்கு பொதுஜனம் மேட்டுநிலத்துல நடக்க முடியுதுன்னா அந்த போராட்டத்துக்கு அதுல பெரிய பங்கு இருக்கு, அதை ஞாபகம் வச்சுக்கிட்டு அங்க ஓட்டணும்.

தேம்ஸ்கரையான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரிட்ஜ்வேதான் முதல்ல. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன், தண்ணி வழியில கிடைக்குமா, மழை பெஞ்சா ஓட்டலாமா, ட்யூப்லெஸ் மாத்தணுமா, ட்ரெயின்ல சைக்கிள் ஏத்த விடுவாங்களா?

சுண்ணாம்புத்தடம்:
மேல கடை கிடையாது, குழாயும் ரொம்ப கம்மி, பாதை மேட்டு மேலயே போகுது, ஊரெல்லாம் கீழ. மூணு லிட்டர் எடுத்துட்டு போங்க, வழியில ஆக்பர்ன் செயின்ட் ஜார்ஜ் மாதிரி எதாவது ஊருக்கு இறங்கினா சாப்பிடலாம், ஆனா இறங்கினா மறுபடி ஏறணும்.

மழை விஷயத்துல நான் கறாரா சொல்றேன், நல்லா மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க. சுண்ணாம்பு நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், அதுவும் 4x4 வண்டி போட்ட ஆழமான தடத்துக்குள்ள முன் சக்கரம் மாட்டுச்சுன்னா வெளிய எடுக்கவே முடியாது. சேறு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சு சக்கரமே சுத்தாது. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் காஞ்ச நாளா பாத்து போங்க, அப்ப வெளிச்சமும் ராத்திரி வரைக்கும் இருக்கும், வழக்கமா காத்து மேற்குல இருந்து அடிக்கிறதால ஏவ்பரில இருந்து கோரிங் போனா முதுகுல தள்ளும்.

ட்யூப்லெஸ் (உள்ள ட்யூப் இல்லாம, ஓட்டை விழுந்தா அடைக்கிற சீலன்ட் திரவம் ஊத்துன டயர்) கண்டிப்பா மாத்துங்க. சுண்ணாம்புக்குள்ள ஃப்ளின்ட் கல்லு இருக்கும், உடைஞ்சா பிளேடு கூர்மை, கற்காலத்துல அதுலதான் கத்தியே செஞ்சாங்க. டயர் பக்கச் சுவரை கிழிச்சா சீலன்ட் அடைக்காது, அதனால உள்ள வச்சு ஒட்ட ஒரு பேட்ச்சும் ஒரு ட்யூபும் எடுத்துக்கோங்க.

ட்ரெயின்ல சைக்கிளுக்கு காசு இல்ல, ஆனா ஸ்விண்டன் போற தூரப் பயண ட்ரெயின்ல சைக்கிளுக்கு முன்னாடியே இடம் புக் பண்ணணும். கோரிங்ல நிக்கிற லோக்கல் ட்ரெயினுக்கு வேண்டாம், வார நாள்ல கூட்ட நேரத்தை மட்டும் தவிர்த்துடுங்க. இது புடிச்சுதுன்னா அடுத்து கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இருக்கு, சைக்கிளிங் யூகே 2020ல வெளியிட்டது, 350 கிமீ, வின்செஸ்டர்ல கிளம்பி ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரிட்ஜ்வே, உங்க ரீடிங், அப்புறம் சவுத் டவுன்ஸ் வழியா மறுபடி வின்செஸ்டர்.

சசெக்ஸ்_சைக்கிள்காரன்:
குதிரை விசயம் ஒருதரும் சொல்லேல்ல. லாம்போர்ன் பக்கம் பந்தயக் குதிரை பழக்கிற இடம், ரிட்ஜ்வேயில கட்டாயம் எதிர்ப்படும். பின்னால சத்தமில்லாமல் போகாதேங்கோ, தூரத்திலயே மெதுவாக்கி "ஹலோ" எண்டு குரல் குடுங்கோ, மனிசக் குரல் கேட்டால் குதிரைக்குப் பயம் குறையும். அவை போகச் சொன்ன பிறகு அகலமாச் சுத்திப் போங்கோ. பிள்ளையள் ஓடுற குதிரை எண்டால் இறங்கி நிக்கிறதுதான் நல்லது.