மெல்போர்ன் கப்: 24 குதிரையில் எதைப் பார்ப்பது?

கேள்வி:
வரும் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயம் பார்க்க, முதல் தடவையாக ஃபிளெமிங்டன் மைதானத்துக்குப் போகிறேன். ஆபீஸில் ஆளுக்கொரு குதிரை பெயர் சொல்கிறார்கள். 24 குதிரையை நான்கைந்தாகக் குறைப்பது எப்படி?

பதில்:
முதலில் தூரம். 3200 மீட்டர்ங்க! 1600, 2000 மீட்டரில் பிரமாதமாக ஜெயித்த குதிரைகூட கடைசி நேர் ஓட்டத்தில் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடும், அதனால் 2400-க்கு மேல் வேகம் குறையாமல் முடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் பாதிப் பட்டியலை அடிப்பேன். அப்புறம், இதற்குச் சில வாரங்களுக்கு முன் மெல்போர்னிலேயே நடக்கும் கால்ஃபீல்ட் கப் பந்தயத்தின் முடிவு. 2023-இல் வித்தவுட் எ ஃபைட் என்ற குதிரை இரண்டு கப்பையுமே ஜெயித்தது.

பதில்:
எடையை விட்டுவிட்டீர்களே. இது ஹேண்டிகேப் பந்தயம், அதாவது போட்டி சமமாக இருக்க நல்ல குதிரைக்குத்தான் பாரம் அதிகம் ஏற்றுவார்கள். மகைபி டீவா என்ற குதிரை 2005-இல் 58 கிலோ சுமந்து மூன்றாவது முறையாக ஜெயித்தது என்றாலும், அந்த மாதிரி குதிரை எப்போதோ ஒன்றுதான் வரும். நான் குறைந்த எடை சுமக்கும் குதிரைகள் பக்கம்.

பதில்:
நேரில் போகிறீர்கள் அல்லவா, ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். பின்னங்கால் இடுக்கில் வெள்ளையாக நுரை தள்ளி, தலையை உதறிக்கொண்டே இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். சின்னத் தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் ஜெயிப்பார் என்று சொல்லவே முடியாது: 2015-இல் மிஷெல் பெய்ன் ஓட்டி ஜெயித்த பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் குதிரைக்குப் பந்தய விலை நூறுக்கு ஒன்று, அதாவது ஒரு டாலர் கட்டினால் நூறு டாலர் லாபம்!

கேள்வி கேட்டவர்:
சரி, தூரமும் எடையும் இன்றிரவே பார்த்துவிடுகிறேன். மிக்க நன்றி.