மறு: 'உரைப்பொருள்' வேண்டாம், 'உரையலகு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம். விம் என்ற உரைத்திருத்தியில் (கணினியில் எழுதித் திருத்தும் மென்பொருள்) 'டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்' என்று ஒன்று உண்டு: சொல், பத்தி போல ஒரே கட்டளையில் எடுக்கக்கூடிய உரைப் பகுதி. நம் கையேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியிருந்தார்:

> 'உரைப்பொருள்' என்றே வைத்துக்கொள்ளலாமே? நேரான சொல், எளிதில் புரியும்.

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. 'உரை'யும் 'பொருளு'ம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தமிழ் படித்தவர் மனம் திருக்குறள் உரைக்குத்தான் போகும். போன வாரம் விம் வகுப்பில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன். "செய்யுளுக்குப் பொருள் சொல்வோமே, அதுவா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். அவர் கேட்டது சரிதான்.

சொல்லை விட்டுவிட்டு, விரல் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். பைத்தானில் பிரிண்ட்("வணக்கம்") என்று ஒரு வரி இருக்கிறது. மேற்கோளுக்குள் இருப்பதை மாற்ற வேண்டும். கர்சர் அந்த வரியின் தொடக்கத்தில் இருந்தாலும் போதும். சி (மாற்று), ஐ (உள்ளே), இரட்டை மேற்கோள் என்று மூன்றே தட்டு. வணக்கம் மறைந்துவிடும், மேற்கோள் குறிகள் அப்படியே நிற்கும், உடனே புதியதைத் தட்டச்சு செய்யலாம். முடித்ததும் எஸ்கேப். அப்புறம் இதே மாதிரி இன்னொரு வரிக்குப் போய் புள்ளியை ஒரு தட்டுத் தட்டினால் அங்கும் அதே மாற்றம் நடக்கும். எத்தனை எழுத்து என்று எண்ணவில்லை, மௌஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 'மேற்கோளுக்குள் இருப்பது' என்பதை விம் ஒற்றை அலகாக எடுத்துக்கொள்கிறது. சொல், வாக்கியம், பத்தி, அடைப்புக்குறி, எச்டிஎம்எல் டேக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விம்முக்கு முன்னோடியாகப் பில் ஜாய் 1976-இல் எழுதிய விஐ-யில் இந்த வசதி கிடையாது. பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம் வளர்ந்தபோது சேர்ந்தது. மாணவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்வதை விட்டுத் தாங்களே கோக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அதனால்தான் பெயர் சரியாக அமைய வேண்டும் என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

முதலில் 'உரைக்கூறு' என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னதும் கைவிட்டேன். உரை என்றாலும் சொல்லு, கூறு என்றாலும் சொல்லு. இரண்டு ஏவல் வினைகள் வரிசையில் நிற்பது போல ஒலிக்கிறது. 'உரைத்துண்டு' என்றால் எங்கோ வெட்டி எடுத்தது போல இருக்கிறது, இயல்பான எல்லை உண்டு என்பது அதில் வரவில்லை. 'அலகு' பாடப்புத்தகத்திலேயே பழகிய சொல். ஆகவே உரையலகு.

வினைக்கும் அலகுக்கும் நடுவே தட்டும் ஐ, ஏ என்ற இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டுக்கு 'அகம், புறம்' என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஏ என்பது புறம் அல்ல. உள்ளிருப்பதையும் சுற்றியிருப்பதையும் சேர்த்தே எடுக்கும். வகுப்பில் வேர்க்கடலையைக் காட்டினேன். ஐ என்றால் பருப்பு மட்டும், ஏ என்றால் தோட்டோடு. மேற்கோளுக்குத் தோடு அந்தக் குறிகள், சொல்லுக்குத் தோடு பக்கத்து இடைவெளி. அதற்குப் பிறகு யாரும் குழம்பவில்லை. உள்ளலகு, முழு அலகு என்று வைத்தால் என்ன? ('உட்கூறு' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது.)

டி (அழி), சி (மாற்று), ஒய் (நகலெடு) போன்ற கட்டளைகளுக்கு 'இயக்கி' வேண்டாம், அது அச்சுப்பொறியையும் ஒலியட்டையையும் இயக்கும் டிரைவருக்குப் போய்விட்டது. 'வினை' என்ற பழைய சொல்லே போதும். வினை + அலகு என்றதும் இலக்கணம் படித்த பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். ஒரு சிக்கல் உண்டு: விம்மில் வினை முன்னால் வருகிறது, நாம் 'சொல்லை அழி' என்று வினையைக் கடைசியில் வைப்போம். ககூன், ஹீலிக்ஸ் என்ற வேறு இரண்டு உரைத்திருத்திகளிலும் முதலில் தேர்வு, பிறகு வினை. அப்படியே தமிழ் வரிசை! தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அவற்றில் தொடங்கலாமா என்று உண்மையாகவே யோசிக்கிறேன்.

ஒய்-யின் ஆங்கிலப் பெயர் 'யாங்க்'. அதைப் பெயர்த்து 'உருவு', 'பிடுங்கு' எதுவும் வேண்டாம். சி-யை மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டதால் நகலெடுக்க ஒய் வந்தது. ஈமேக்ஸ் என்ற இன்னொரு உரைத்திருத்தியில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு ஒட்டுவது என்று பொருள்! நேரே பெயர்த்தால் இரண்டையும் பழகுபவர் திண்டாடுவார். 'நகலெடு' போதும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் கையேட்டின் நான்காம் இயலில் 'உரையலகு' என்று மாற்றிவிடுகிறேன்.